காய்ச்சலும் பாய்ச்சலும்



கொசு என்றதும் சாக்கடையும் தேங்காய்ச் சிரட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. "எங்கள் வீட்டில் தண்ணீர் தேங்குவதேயில்லை" என்று கோச்சடைத் தாய்மார்கள் பெருமையோடு கூறலாம். டெங்குவைப் பொறுத்தவரை அப்பெருமை நியாயமானதே. ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு பெரும்பாலும் நெல் வயலில் பிறப்பது. தென் அமெரிக்க நாட்டுப்புறங்களில் சாகாஸ் நோயைப் பரப்பும் பூச்சி மண்சுவரின் வெடிப்புகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். சுவரைச் செம்மையாகப் பூசினால் அதற்குப் புகலிடம் குறையும். நம் பகையாளிக்கோ வயலே வீடு. வயலை யார் பூச முடியும்?

இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக 1955-ஆம் ஆண்டு வேலூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டது. இதன் வைரஸ் பன்றியின் உடலிலும், கொக்கு முதலிய நீர்ப்பறவைகளின் உடலிலும் பெருகுகிறது. அவற்றைக் கடித்த கொசு பின்னர் நம் குழந்தையைக் கடிக்கிறது. மாட்டின் உடலில் வைரஸ் பெருகுவதில்லை. எனினும் இக்கொசுக்களுக்கு மாட்டு இரத்தமே மிக விருப்பமாதலால், தொழுவத்தருகே கட்டிலிட்டுக் குழந்தைகளை உறங்க வைப்பது நன்றன்று.

தொற்றியவர்களுள் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது. அவ்வாறு கடுமையானவர்களிலோ நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கின்றனர். பிழைத்தவர்களிலும் பலர் பேச்சிழந்தோ, கைகால் முடங்கியோ, வலிப்போடோ வாழ்கின்றனர். வைரஸை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. காய்ச்சலுடன் வாந்தியும் வலிப்பும் மயக்கமும் கண்டால் மந்திரிப்பதில் ஒரு நாளைக் கழித்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985-இல் மதுரையில் மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் ஒன்றை நிறுவியது. அதன் ஆய்வாளர்கள் 1990-களில் நம் சுற்றுப்புற நெல் வயல்களில் இறங்கி, யூரியாவுடன் வேப்பம் பிண்ணாக்கைக் கலந்து இட்டும், நீரை வடித்து வடித்துப் பாய்ச்சியும் பார்த்தார்கள். கொசுப் புழுக்கள் குறைந்தன. இரண்டும் நம் உழவர்கள் அறியாதவையல்ல. பிண்ணாக்குக் கலந்த யூரியாவின் சத்து விரைவில் வீணாகாது என்பதும், 'காய்ச்சலும் பாய்ச்சலும்' நெல்லுக்கு நல்லது என்பதும் பழைய அனுபவமே. வயலுக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு இந்தக் காய்ச்சல் வருவது குறையும்! நீரின்றிப் புழு கொசுவாக முடியாதன்றோ?

சொல்வது எளிது. மேலக்கால், சோழவந்தான் பக்கங்களில் பெரியாற்றுத் தண்ணீர் முறை வைத்து வருகிறது. ஒருவர் வயலின் நீர் அடுத்தவர் வயலுக்குள் இறங்குகிறது. தம் வயலை மட்டும் காயவிட ஒருவர் விரும்பினாலும் மேல்வயல்காரர் ஒத்துழைக்க வேண்டும். அடுத்த முறைக்குத் தண்ணீர் வருமோ வராதோ என்று அஞ்சுபவர், நிற்கும் நீரை வடிக்கத் துணிவாரா? அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இப்போதைக்குத் தடுப்பூசியே முதல் காவல். இந்நோய் பரவும் மாவட்டங்களில் அரசு இதனை இலவசமாகப் போடுகிறது. மதுரையும் அவற்றுள் ஒன்று. முதல் ஊசி 9 மாதம் நிறைந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் போடப்படும். நடக்கத் தொடங்கிய பிள்ளையைத் தூக்கிச் செல்லச் சோம்பி, பலர் இரண்டாவதை விட்டுவிடுகின்றனர். இன்றே பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.