"எனக்குத் தெரியாததா?"

நம் வீடுகளில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது காதில் விழுகிற வார்த்தை இது. சமையலறையில் சொன்னால் குழம்பில் உப்பு கூடும், அவ்வளவுதான். மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் சில சமயம் உயிருக்கே ஆபத்து.

நோயாளிக்குத் தைரியம் வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் 'குணமாகிவிடும்' என்று தைரியமாக இருப்பது வேறு. 'இன்ன நோய்தான், எனக்கே தெரியும்' என்று தீர்மானம் பண்ணிவிடுவது வேறு. நான் சொல்ல வந்தது இரண்டாவதைப் பற்றி.

இது படிப்பறிவு இல்லாதவர்களின் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். 1981-ல் ஓலா ஸ்வென்சன் என்ற சுவீடன் நாட்டு மனவியல் அறிஞர் ஓர் ஆய்வை வெளியிட்டார். "கார் ஓட்டும் திறமையில் நீங்கள் எந்த இடம்?" என்று மாணவர்களைக் கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 100-க்கு 93 பேர் தங்களை முதல் பாதியில் வைத்துக்கொண்டார்கள்! முதல் பாதியில் 50 பேர்தானே இருக்க முடியும்? மீதிப் பேர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார்கள். அந்தப் பட்டியலில் நீங்களும் உண்டு, நானும் உண்டு.

இந்த நம்பிக்கை எப்படி வளர்கிறது? மஞ்சள் காமாலையைப் பாருங்கள். "காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல குடுங்க, சரியாயிடும். எங்க வீட்ல நாலு பேருக்குச் சரியாச்சு" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. நாலு பேருக்கும் சரியாகியிருக்கும்.

ஆனால், கெட்ட தண்ணீராலும் உணவாலும் பரவுகிற 'ஏ' வகை வைரஸ் காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். ஈரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். நாலு தடவை இப்படி ஜெயித்தவருக்கு ஐந்தாவது தடவை சந்தேகமே வருவதில்லை.

ஐந்தாவது ஆளுக்கு வந்திருப்பது பித்தப்பைக் கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்ததால் வந்த காமாலையாக இருக்கலாம். கணையத்தில் கட்டியாக இருக்கலாம். எலிக் காய்ச்சலாக இருக்கலாம். கண்ணில் தெரிகிற மஞ்சள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்! மலம் வெளுத்துப் போவது, உடம்பெல்லாம் அரிப்பு, நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு, பிதற்றல், அளவு மீறிய தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் பத்தியம் இருந்து பார்ப்போம் என்று நாளைக் கடத்தக்கூடாது. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஒரு சித்த மருத்துவனாகவே இதைச் சொல்கிறேன். கீழாநெல்லி மேல் எனக்குக் கோபம் இல்லை. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்க்காமல் கீழாநெல்லியை நம்பி உட்கார்ந்திருப்பதுதான் கூடாது.

அடுத்தது ரத்தக் கொதிப்பு. "பி.பி. ஏறினா எனக்கே தெரியும் சார். தலை கிர்ருன்னு சுத்தும். இப்ப சுத்தல, அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்." இப்படிச் சொல்பவர்கள் எத்தனை பேர்! ரத்தக் கொதிப்பு பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் பக்கவாதமாக வந்து நிற்கும். 'என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதா?' என்ற கேள்விக்கு இங்கே பதில், 'தெரியாது' என்பதுதான். அளந்து பார்த்தால்தான் தெரியும். சர்க்கரையும் அப்படியே.

மூன்றாவது, நெஞ்சு வலி. "வாயுதான், ஓம வாட்டர் குடிச்சாப் போயிடும்" என்று பொழுது விடியும்வரை காத்திருக்கிறார்கள். மாரடைப்பும் மேல்வயிற்று எரிச்சல் மாதிரி வரக்கூடும். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல்கூட வரும். வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத் திணறல், தோளுக்கோ தாடைக்கோ பரவுகிற வலி இருந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். போன பிறகு வாயுத் தொல்லை என்று தெரிந்தால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். ஓம வாட்டர் எங்கும் ஓடிப்போகாது!

"டாக்டர்கள் மட்டும் யோக்கியமா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இல்லைதான். 1847-ல் வியன்னா பொது மருத்துவமனையில், டாக்டர்கள் பிரசவம் பார்த்த வார்டில், ஏப்ரல் மாதம் 100 தாய்மார்களுக்குச் சுமார் 18 பேர் ஜன்னி கண்டு இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்து, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஜூலையில் சாவு 100-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கியது. அப்படியும், 'நோய் எங்கள் கையிலிருந்தா பரவுகிறது?' என்று பெரிய பெரிய டாக்டர்களே ஏற்க மறுத்தார்கள். நிறையப் படித்தவருக்குத் தன் பிடிவாதத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பதும் சுலபம்.

எங்கள் சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எண்வகைத் தேர்வு உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்க்கச் சொன்னார்கள். ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று காட்டிக் கொடுக்கும். ஆனால் வருகிறவர்களோ, "நாடியைப் பிடிச்சே சொல்லிடுங்க டாக்டர்" என்கிறார்கள். அப்படிப் பிடித்த கையோடு அடித்துச் சொல்பவரைத்தான் கெட்டிக்காரர் என்றும் நம்புகிறார்கள். "ஒரு டெஸ்ட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பவருக்கு ஒன்றும் தெரியவில்லையாம்! ஆயிரம் வேரைக் கண்டவனே அரை வைத்தியன் என்பார்கள். அப்படியானால் 'நூற்றுக்கு நூறு காரண்டி' தருகிற முழு வைத்தியன் யார்?

ஆகவே, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால், முடிவு எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தால் வேறு என்னவாக இருக்கும்? அதனால் வரக்கூடிய நஷ்டம் எவ்வளவு? எத்தனை நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போவது? மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளாமல் காலண்டரில் எழுதிவிடுங்கள். அந்தத் தேதி வந்ததும் 'இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமே' என்று யார் சொன்னாலும், அது வீட்டுக்குப் பெரியவராகவே இருந்தாலும், கிளம்பிவிடுங்கள்.