கடைசித் தோசை யாருக்கு?

குடும்ப வாட்ஸ்அப் குழு என்று ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். காலையில் திறந்தால் ஒரு ரோஜாப்பூ படம், அதற்குக் கீழே ஒரு நீதிக்கதை. ஊரும் பேரும் மாறுமே தவிர கதை ஒன்றேதான். வீட்டில் சோறு கொஞ்சம்தான் இருக்கும். அம்மா எல்லாருக்கும் போட்டுவிட்டு "எனக்குப் பசிக்கலைப்பா" என்பாள். பிள்ளை வளர்ந்து பெரிய உத்தியோகத்துக்குப் போய், பல வருஷம் கழித்து அது பொய் என்று கண்டுபிடித்துக் கண் கலங்குவான். முடிவில் தாயின் தியாகத்துக்கு ஈடு இணை உண்டா என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் வரிசையாகக் கும்பிடு போட்டிருப்பார்கள்.

எனக்கு இந்தக் கதைகளின் மேல் ரொம்ப நாளாகவே கோபம். அதைக் கொட்டித் தீர்க்கத்தான் இந்தப் பதிவு. "இவளுக்கு வேற வேலை இல்லை" என்று சொல்ல நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். செமஸ்டர் லீவு, நிஜமாகவே வேறு வேலை இல்லை :-)

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கதையில் அம்மா கடைசி வரை சாப்பிட்டாளா இல்லையா? மகனுக்கு ஞானம் வந்தது, படித்த நமக்குத் தொண்டை அடைத்தது, பத்துப் பேருக்கு அனுப்பியும் வைத்தோம். எல்லாம் சரி. ஆனால் கதை முடியும் வரை ஒருத்தர்கூட எழுந்து போய் அவளுக்கு ஒரு தட்டு வைக்கவில்லையே! பசித்தவளைப் பார்த்து உருகச் சொல்கிற கதை, பசியைத் தீர்க்கச் சொல்லவில்லை. இது நீதியென்றால் அநீதி எது?

அந்தக் காலம், வறுமை, ஒருபடி அரிசியில் ஏழு வயிறு என்று நீங்கள் சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன். இருப்பதே கொஞ்சம் என்னும்போது தன் பங்கைப் பிள்ளைக்குத் தருகிற தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நம் வீடுகளில் இன்றைக்கு என்ன பஞ்சம்? ஃபிரிட்ஜில் மாவு டப்பா வைக்க இடமில்லை. அப்படியும் இரவு எட்டரை மணிக்கு எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். ஹாலில் டிவிக்கு முன்னால் நாலு தட்டு. "அம்மா, இன்னொன்னு!" என்று குரல் போகும், தோசை வரும். எல்லாரும் கை கழுவிய பிறகு அடுப்படியில் நின்றபடியே அம்மா சாப்பிடுவது எது? முதலில் கல்லில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து போனது, நடுவில் போன் வந்ததால் தீய்ந்தது, மாவு வழித்து ஊற்றிய கடைசிக் குட்டித் தோசை. சட்னி தீர்ந்திருக்கும், பொடி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன். நடுத்துண்டு அப்பாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கு, முள் இல்லாமல் பார்த்து எனக்கு. அம்மாவுக்குத் தலையும் வாலும். "உங்க அம்மாவுக்குத் தலைதான் பிடிக்கும்" என்று எங்கள் வீட்டில் ஒரு வாக்கியம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும். கோழி என்றால் கழுத்து, கேக் என்றால் ஓரம், வாழைப்பழம் என்றால் கறுத்தது. அதென்ன அதிசயமோ, ஊரில் உள்ள அத்தனை அம்மாக்களுக்கும் மற்றவர்கள் ஒதுக்குவது மட்டுமே பிடித்துத் தொலைக்கிறது!

போன வருஷம் அம்மாவுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் பரிசோதித்தார்கள். ஹீமோகுளோபின் எட்டுக்குக் கீழே. டாக்டரம்மா "நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நேற்று மத்தியானம் மற்ற மூன்று பேரும் என்ன சாப்பிட்டோம் என்று அம்மாவால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. தான் சாப்பிட்டதைச் சொல்ல வரவில்லை. "அவ எப்பவுமே கொஞ்சமாத்தான் சாப்பிடுவா" என்று பக்கத்திலிருந்து அப்பா பதில் சொன்னார். அப்பா கெட்டவர் இல்லை. அன்றைக்கு முழுக்க ஆஸ்பத்திரியில் அம்மாவின் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அவர் நல்லவர் என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நல்லவர்கள் இருக்கிற வீட்டிலேயே இவ்வளவு சத்தமில்லாமல் ஒருத்தியின் ரத்தம் குறைய முடிகிறதே.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும்தானா? 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிக்கு மேல். மாதவிடாய், பிரசவம் என்று பெண்ணுடம்பில் ரத்தம் போவதற்கு இயற்கையான காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் போட்ட கணக்கில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து, பெண்ணுக்கு 29 மில்லிகிராம். அதாவது, வீட்டிலேயே யாருக்கு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் மிச்சம் மீதி. இப்படி ஒரு பந்தி வைத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பேரும் வைத்திருக்கிறோம்.

இங்கேதான் ஒருவர் கட்டாயம் எழுந்து, "அதெல்லாம் அவங்களா விரும்பிச் செய்யறது, தாய்மையோட குணமே அதுதான்" என்பார். அப்படியா? சரி, ஒரு கேள்வி. அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி மருமகள் வந்ததும் என்ன நடக்கிறது? இருபத்தைந்து வருஷமாகக் கடைசியில் சாப்பிட்ட அம்மா, அன்றைக்கு முதல் பந்தியிலோ இரண்டாம் பந்தியிலோ உட்காருகிறாள். கடைசித் தோசை மருமகளுக்குப் போகிறது. அந்தப் பெண் இன்னும் தாயே ஆகவில்லை. பிறந்த வீட்டில் நடுத்துண்டு சாப்பிட்டவள். மூன்று முடிச்சு விழுந்த மறுவாரமே அவளுக்கும் மீன் தலை பிடிக்க ஆரம்பித்துவிடுகிறது!

குணம் என்றால் ஆளோடு போகும். இது ஆளை விட்டுவிட்டு இடத்தோடு நிற்கிறது. அப்படியென்றால் இது குணமில்லை, பதவி. வீட்டிலேயே ஆகக் கீழே உள்ள பதவி. அதில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவருக்கு நாம் தருகிற பட்டம்தான் "தியாகி". சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது, வருஷத்துக்கு ஒரு நாள் அன்னையர் தின ஸ்டேட்டஸ் உண்டு.

அடுத்த வாதம்: "அப்பா வெளியே போய் உழைக்கிறாரே." உழைக்கட்டும், யார் இல்லையென்றது? அம்மா என்ன செய்கிறாள் என்பதையும் பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் ஒரு நேரப் பயன்பாட்டு ஆய்வு எடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவழித்தது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். பரவாயில்லையே என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 97, வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்கு மட்டும்தான். அப்படிக் கை வைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர். 2024ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289 நிமிடமாகக் குறைந்திருந்தது. ஆஹா, ஆண்கள் பங்கெடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்று பார்த்தால், அவர்களுடையது 88 ஆகக் குறைந்திருந்தது! ஐந்து வருஷத்தில் அவளுக்குப் பத்து நிமிடம் மிச்சம், இவருக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம். மிக்சியும் வாஷிங் மெஷினும்தான் வாழ்க.

"பாசத்தில் போய்க் கணக்குப் பார்க்கலாமா?" என்பது எல்லாருடைய கடைசி அஸ்திரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்க்காத வீடு எங்கே இருக்கிறது? ஒன்பது துண்டு மீன், நாலு பேர், ராத்திரிக்கும் வேண்டும், நாளைக்கு மாமா வருகிறார் என்று அடுப்படியில் ஒருத்தி தினமும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் பார்க்கிற கணக்கில் தன்னைச் சைபர் என்று போட்டுக்கொள்வதால் நமக்குக் கணக்கே இல்லாதது போலத் தெரிகிறது. அவ்வளவுதான். அந்தச் சைபரை அழித்து ஒன்று என்று எழுதச் சொன்னால் மட்டும் பாசம் கெட்டுவிடுமா?

வீட்டுக்கு வெளியே சிலருக்கு இந்தக் கணக்கு புரியத் தொடங்கிவிட்டது. 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற திட்டம் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பேர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்றார்கள். தொகை போதுமா, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். பேர் சரியான பேர். அதே வருஷம் ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், கணவன் சம்பாதித்து வாங்கியதில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவனால் போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அவளுடைய உழைப்பும் அந்தச் சொத்தில் இருக்கிறது என்பது தீர்ப்பின் சாரம். கோர்ட்டுக்கே விளங்கிவிட்டது. சாப்பாட்டு மேஜைக்குத்தான் இன்னும் தீர்ப்பு வந்து சேரவில்லை.

தியாகம் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு தியாகத்தைப் புகழ்கிறவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் லாபம் அடைந்தவரே மேடை போட்டுப் புகழ்ந்தால் அந்தப் புகழ்ச்சிக்கு வேறு பேர் இருக்கிறது. "நீ தெய்வம்மா" என்று சொல்வது சுலபம். தெய்வத்துக்குப் படைத்துவிட்டு நாமே எடுத்துச் சாப்பிடுவதுதானே நம் வழக்கம்!

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. நம் வீடுகளில் ஒருத்தி மட்டும் தினமும் படைக்கு முந்திப் பந்திக்குப் பிந்துகிறாள். இதை மாற்ற புரட்சியெல்லாம் தேவையில்லை. பரிமாறுவதற்கு முன்னால் சமைத்தவருக்கு ஒரு பங்கை எடுத்து மூடி வையுங்கள், நடுத்துண்டோடு சேர்த்து. இட்லி, சோறு என்றால் எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள், வேண்டியதை அவரவர் கை எடுத்துக்கொள்ளும். தோசை என்றால் நாலு தோசைக்கு ஒருதரம் கரண்டி கை மாறட்டும். தோசை சுடுவது ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு இல்லை, இரண்டு நாளில் வந்துவிடும். முதலில் அம்மாவே "நீ போய் உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று விரட்டுவாள். அதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொல்லப் பழக்கப்பட்டவளிடம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வரும். கேட்காமல் தட்டை வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மீனை நான்தான் பங்கு வைக்கிறேன். போன மாதம் அண்ணன் தட்டில் தலைத்துண்டை வைத்தேன். "எனக்கு இது பிடிக்காதுன்னு தெரியாதா?" என்று கத்தினான். அம்மாவுக்கும் பிடிக்காது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக அம்மா வாயாலேயே கேட்டோம். அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.