தமிழ் ஒரு மேலதிகப் பொதியா?

“கணினி முதலில் இயங்கட்டும்; தமிழ் வேண்டுவோர் பின்னர் சேர்த்துக்கொள்வர்” என்று கூறுவோர் நம்மிடையே உளர். இது நடுநிலைபோலத் தோன்றும் புறக்கணிப்பேயாகும்.

பொது ஆய்வுகூடத்தில் மாணவனிடம் நிருவாகக் கடவுச்சொல் இல்லை. ஆகவே அவனுக்குப் ‘பின்னர்’ என்பது ‘ஒருபோதும் இல்லை’ என்பதே. எது உள்ளே வரும் என்பதைப் பணிசெயல் முறைமையை நிறுவும் நேரமே தீர்மானிக்கின்றது.

1993இல் தொடங்கிய டெபியனில் நிறுவல் வினாக்களுக்கான விடைகளை ‘பிரீசீட்’ என்னும் ஒரே கோப்பில் முன்கூட்டியே எழுதிவைக்கலாம்; நூறு கணினிகளுக்கும் அதுவே போதும். ஒவ்வொரு பொதியும் தான் சார்ந்திருக்கும் பொதிகளைத் தானே அறிவிக்கின்றது. ‘ஆப்ட்’ அவற்றைத் தேடிச் சேர்க்கின்றது. இரணைமடுவின் மதகு திறந்தால் நீர் வாய்க்கால்வழி வயலை அடைவதுபோன்றது இது. எழுத்துரு, விசைப்பலகை, சொற்பிழைதிருத்தி ஆகியவற்றைச் சார்புகளாகக் கொண்ட ஒரு தொகுபொதியை நாமே ஆக்கிவிட்டால், ஒரு பெயரைக் கோப்பில் எழுதினாற் போதும்.

“விரிவுரை ஆங்கிலத்திலன்றோ?” எனலாம். விரிவுரை ஆங்கிலமாகலாம்; முல்லைத்தீவு மீனவரிடமும் கிளிநொச்சி உழவரிடமும் திரட்டும் தரவு தமிழன்றோ!

கிளிநொச்சியிற் பொறியியற் பீடம் உண்டு. வவுனியா வளாகமோ 2021இல் பல்கலைக்கழகமாயிற்று. இதனைச் செய்யும் ஆற்றல் வன்னியிலேயே உள்ளது. சிங்களத்துக்கும் இவ்வழியே இடமளிக்கலாம். தமிழ் விருப்பத்தெரிவன்று, சார்பு. கோப்பில் அவ்வாறே எழுதுக.