ஓதம் ஏறிய வீடு

மும்பையில் வழக்கமாக ஜூன் இரண்டாவது வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். ஜூலை நடுவில் செம்பூர், மாட்டுங்கா என்று எந்தப் பகுதி வீட்டுக்குப் போனாலும் அடையாளங்கள் ஒன்றுதான்: கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தோல் செருப்பில் வெள்ளைப் படலம், பீரோவைத் திறந்தால் மக்கிய நெடி, வெளிச்சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள். 'பூசணம் பூத்திருக்கிறது' என்று தமிழ் இதை நாசூக்காகச் சொல்கிறது. சுவரில் ஏறும் ஈரத்துக்கு இன்னும் பொருத்தமான சொல் நம்மிடம் உண்டு: ஓதம். கடலுக்கும் அலைக்கும் அதே பெயர்தான். அரபிக் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சிலேடையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நெடி அடித்ததும் நாம் செய்வதென்ன? ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஃபினைல் ஊற்றி, வீடு முழுக்க ஈரத்துணி போடுகிறோம். ரசாயனம் வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் வேப்பிலைப் படம் போட்ட பாட்டிலுக்கு மாறியிருக்கிறார்கள். பாட்டில்தான் மாறியது, அந்த ஒரு வாளித் தண்ணீர் அப்படியே இருக்கிறது. கோடையில் டெல்லியிலோ ஹைதராபாத்திலோ துடைத்த தரை ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஜூலை மும்பையின் காற்று ஏற்கனவே வயிறு முட்டக் குடித்துவிட்டு நிற்கிறது. தரையின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை.

பூசண வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றை அடியோடு ஒழிப்பது நடக்காத காரியம். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். 80ஐ நெருங்கினால் சுவரில் முளைக்கும். அளந்து பார்க்கக் கருவி இல்லையென்றால் சமையலறை உப்பு ஜாடியைப் பாருங்கள். சாதாரண உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்தில் கசியத் தொடங்கும். உப்பு கசிகிற நாளில் பெருக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம். கறை பட்ட இடத்தை மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு மின்விசிறியைப் போட்டால் போதும். ஈரத் துணிகளைப் படுக்கையறைக் கொடியில் உலர்த்தும் பழக்கத்தையும் முடிந்தவரை விட வேண்டும். இட நெருக்கடியில் அது எல்லோருக்கும் முடியாது என்பது தெரியும். முடியாதவர்கள் ஒரே அறையில் போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, விசிறியை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம்.

இயற்கை முறைச் சுத்தம் என்றாலே வினிகர், எலுமிச்சை என்று ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலும் மேலைநாட்டுக் குறிப்புகளின் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துபவர் என்ற உரிமையில் சொல்கிறேன்: மொழி பெயர்ந்திருக்கிறது, தரை பெயரவில்லை. மும்பையின் பழைய ஃபிளாட்டுகளில் தரை மொசைக், மார்பிள் அல்லது கோட்டா கல். சமையல் மேடை பல வீடுகளில் கடப்பா. எல்லாமே சுண்ணாம்பு கலந்தவை. அமிலம் அரித்துவிடும். கடப்பா மேடையில் எலுமிச்சை மூடி கவிழ்ந்து கிடந்த இடத்தில் வெளுத்த வட்டம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மெருகு போன கல்லில் அழுக்கு இன்னும் இறுகப் பிடிக்கும். வினிகரைக் கண்ணாடிக்கும், குழாயில் படியும் உப்புக் கறைக்கும், மெருகேற்றிய குளியலறை ஓட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கல் தரைக்குக் கொஞ்சம் சோப்பு நீர் அல்லது பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் போதும். மும்பை மளிகைக் கடையில் 'ரீட்டா' என்று கேட்டால் கொடுப்பார்கள். இரவு ஊறப்போட்டு, காலையில் கொதிக்கவைத்து வடிகட்டினால் நுரைக்கும். மழைக்காலத்தில் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் தயாரியுங்கள்.

சுவரில் உள்ள புள்ளிகளை உலர்ந்த துணியால் தட்டக் கூடாது. வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காயவைக்க வேண்டும். பீரோ வெளிச்சுவரை ஒட்டி நின்றால் நான்கு விரற்கடை முன்னால் இழுத்துப் போடுங்கள். ப்ளீச் கறுப்பை வெளுக்கும். காரைக்குள் இறங்கியதை ஒன்றும் செய்யாது. அதைக் கழிவறை ஆசிட்டோடு சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மழைக்குப் பயந்து ஜன்னலை அடைத்த குளியலறையில் அந்தக் காற்றைச் சுவாசிப்பது பல வீடுகளில் வீட்டுக்காரர் அல்ல. நாலு வீட்டில் வேலை பார்க்கும் பாயிதான். சுற்றுச்சூழல் என்ற பெரிய வார்த்தைக்குப் போவதற்கு முன்னால் இந்த ஒரு காரணம் போதாதா?

அந்துருண்டை விஷயத்திலும் கவனம் வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாஃப்தலின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். அந்துருண்டையோடு கிடந்த துணியைக் கைக்குழந்தைக்குப் போடவே கூடாது. காய்ந்த வேப்பிலை பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், ஈரத்தை இழுக்காது. அதற்கு சிலிக்கா ஜெல் பைகள் இருக்கின்றன.

மொட்டை மாடியிலோ குழாயிலோ கசிவு இருந்தால் இதெல்லாம் வீண். முதலில் ஹவுசிங் சொசைட்டிக் கூட்டத்தில் குரல் கொடுங்கள். கசிவு அடைபட்ட பிறகு, தீபாவளிக்கு முன் பெயின்டரைக் கூப்பிடும்போது, சுண்ணாம்பு அடிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் தலைதூக்காது. சுவருக்குள் இருக்கும் ஈரமும் அதன் வழியே வெளியேறும். பிளாஸ்டிக் பெயின்ட் அதை உள்ளேயே பூட்டிவைத்து, பிறகு கொப்புளமாக உரியும். பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்தால்தான் சுண்ணாம்பு பிடிக்கும் என்பதால் கூலி அதிகமாகும். பெயின்டர் சிரிப்பார். சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் என்பார். ஒட்டத்தான் செய்யும்.