அளந்தால் அடங்கும் மருத்துவச் செலவு

சித்தப்பா வீட்டு மேஜையில் இரண்டு பொருட்கள் அருகருகே கிடந்தன. ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த ஆறு பக்க பில். மற்றது, இப்போது மாதாமாதம் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று அவர் வாங்கிவரும் மாத்திரை அட்டை. 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அதன் முதுகில் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒரே இதயத்துக்கானவை. பில்லில் ஸ்டென்டின் விலை அரசு விதித்த உச்சவிலைக்குள்தான் இருந்தது. நான்காம் பக்கத்தில் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்ற ஒற்றை வரி, ஸ்டென்டைப் போல இரண்டு மடங்கு தொகையை விழுங்கியிருந்தது. அதில் என்னென்ன அடக்கம் என்று அன்று கவுண்டரில் கேட்டேன். "அது பேக்கேஜ்ல வரும் சார்" என்றார் அந்தப் பெண். அவருக்கும் தெரியாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழமொழியாக மட்டும் நின்றுவிடவில்லை.

இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் ஒரே பதில் வருகிறது. "மருத்துவச் செலவு எங்கேயும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதை ஒரு மாநில அரசால் அளக்கவும் முடியாது, அடக்கவும் முடியாது." தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கிறோம், டாக்டர்கள் சொல்கிறார்கள், அரசு அலுவலர்களே சொல்கிறார்கள். இந்தக் கூற்று தவறு. அதைத் தாங்கி நிற்கும் ஐந்து வாதங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "ஒவ்வொரு நோயாளியும் ஒவ்வொரு விதம். மொத்தச் செலவை அளப்பது நடக்காத காரியம்."

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் இதை ஆண்டுதோறும் செய்துவருகிறது. 2012இல் அங்கே ஒரு சட்டம் நிறைவேறியது. மருத்துவக் கொள்கை ஆணையம் ஒன்றும், கணக்கெடுக்கும் தகவல் மையம் ஒன்றும் அதன்படி செயல்படுகின்றன. கணக்கு எளிமையானது. அரசுத் திட்டங்கள் கொடுத்தது, தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்தது, நோயாளி தன் பங்காகக் கட்டியது, காப்பீட்டை நடத்த நிறுவனங்களுக்கு ஆன செலவு ஆகிய எல்லாவற்றையும் கூட்டி, மாநில மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று ஓர் எண் கிடைக்கும். போன ஆண்டைவிட அது எத்தனை சதவீதம் ஏறியது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஏற்றத்துக்கு ஓர் இலக்கும் உண்டு. மாநிலப் பொருளாதாரம் நீண்டகாலப் போக்கில் எவ்வளவு வளருமோ அதையொட்டி 2013 முதல் 2017 வரை 3.6 சதவீதம் என்று வைத்தார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 3.1 ஆக்கினார்கள். மாநிலம் முழுமைக்கும் ஓர் எண் சொல்வதோடு நின்றுவிடாமல், எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் செலவு மிஞ்சியது, எந்த மருத்துவக் குழுமத்தின் செலவு மிஞ்சியது என்றும் பிரித்துக் காட்டுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பொது விசாரணை நடக்கிறது. ஆஸ்பத்திரித் தலைவர்கள் அங்கே வந்து பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவிலும் அளவை இல்லாமல் இல்லை. தேசிய சுகாதாரக் கணக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் தயாராகிறது. மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39.4 ஆனது என்று சொல்வது அந்தக் கணக்குதான். ஆனால் 2021-22க்கான அறிக்கை வெளிவந்தது 2024 செப்டம்பரில். எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சை எவ்வளவு ஏறியது என்பதும் அதில் தெரியாது. பங்கு குறைந்தால் தொகையும் குறைந்துவிட்டது என்று பொருளும் இல்லை. அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். தாமதமாக, தூரத்தில் நின்று அளக்கிறோம் என்பதே நம் குறை.

வாதம் 2: "வயதானவர்கள் கூடுகிறார்கள், புதுப்புதுக் கருவிகள் வருகின்றன. செலவு ஏறுவது இயற்கை."

பாதி உண்மை. வயது கூடினால் நோய் கூடும். நல்ல கருவிக்கு விலையும் உண்டு. ஆனால் ஜப்பானைப் பாருங்கள். அங்கே பத்துப் பேரில் ஏறத்தாழ மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். நவீனக் கருவிகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. அப்படியிருந்தும் கொரோனாவுக்கு முன்பே அந்நாட்டின் மருத்துவச் செலவு மொத்த உற்பத்தியில் சுமார் 11 சதவீதமாகவும், அதைவிட இளைய நாடான அமெரிக்காவில் சுமார் 17 சதவீதமாகவும் இருந்தது. ஜப்பானில் எந்தச் சிகிச்சைக்கு என்ன கட்டணம் என்பதை அரசு ஒரே பட்டியலாக நிர்ணயிக்கிறது. வேறுபாட்டுக்கு அந்தப் பட்டியல் ஒரு முக்கியக் காரணம்.

மாசசூசெட்ஸிலும் இதே கேள்வி எழுந்தது. அன்றைய அட்டர்னி ஜெனரல் மார்த்தா கோக்லியின் அலுவலகம், காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் இடையிலான ஒப்பந்தங்களை வரவழைத்துப் படித்து, 2010இல் அறிக்கை வெளியிட்டது. ஒரே சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விலை மாறியது. அந்த வேறுபாட்டுக்குத் தரம் காரணமாக இல்லை, நோயாளிகளின் கடுமையும் காரணமாக இல்லை. சந்தையில் யாருக்கு மிரட்டும் பலம் இருந்ததோ அவர் அதிகம் வாங்கினார்.

நம் பக்கம் வருவோம். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டெல்லி வட்டாரத்தின் 4 தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்து 2018இல் அறிக்கை தந்தது. சில பொருட்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. இதில் முதுமைக்கும் புதுமைக்கும் என்ன வேலை? விலைச்சீட்டை ஒட்டியது ஒரு கை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவும் முடியும்.

வாதம் 3: "விலைக்கு வரம்பு கட்டினால் ஆஸ்பத்திரிகள் மூடிவிடும், தரம் போய்விடும்."

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1971இலேயே ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கென்று ஓர் ஆணையத்தை உருவாக்கியது. 1970களிலிருந்து அங்கே ஆஸ்பத்திரிகளின் கட்டணத்தை அந்த ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. பணம் கட்டுவது அரசுத் திட்டமா, தனியார் காப்பீடா, நோயாளியே கையிலிருந்து கொடுக்கிறாரா என்ற பேதமில்லாமல் ஓர் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஒரே கட்டண அடிப்படை. அரை நூற்றாண்டு ஆகிறது. உலகப் புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது, அந்தக் கட்டணத்தில்தான் இயங்குகிறது.

2014இல் அவர்கள் இன்னொரு படி ஏறினார்கள். தனித்தனி விலைக்கு வரம்பு கட்டினால் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுவார்கள் என்று கண்டு, ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் வருமானம் என்று முன்கூட்டியே நிர்ணயித்தார்கள். தலைக்கு ஆகும் ஆஸ்பத்திரிச் செலவு ஆண்டுக்கு 3.58 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது வரம்பு. முதியோருக்கான மத்திய அரசுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 33 கோடி டாலர் மிச்சப்படுத்துவோம் என்று வாக்குக் கொடுத்து, அதற்கு வெகு மேலாகவே மிச்சப்படுத்தினார்கள். தேவையில்லாமல் ஒருவரைப் படுக்கையில் சேர்த்து வருமானம் காட்டும் ஆசைக்கே அங்கே இடம் குறைந்துவிட்டது.

ஸ்டென்ட் கதையும் இந்தப் பாடத்தையே சொல்கிறது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதா ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்சவிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் மருந்து பூசியதன் சராசரி எம்.ஆர்.பி. ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒட்டி இருந்தது. ஸ்டென்டே கிடைக்காமல் போகும் என்று பயமுறுத்தினார்கள். நாட்டில் ஆஞ்சியோபிளாஸ்டி நின்றுவிடவில்லை. ஆனால் சித்தப்பாவின் பில்லில் நான் கண்டதுபோல, ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடைக்குத் திரும்பும். அதனால் மடையையே அடைக்கக் கூடாது என்று ஆகிவிடாது. கண்மாய் முழுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே அதன் பொருள். மேரிலாந்து எடுத்தது அதைத்தான்.

வாதம் 4: "கட்டணப் பலகை வைத்தால் போதும். போட்டி பார்த்துக்கொள்ளும்."

நடு இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் மனிதரைக் காரில் ஏற்றுபவர், மூன்று ஆஸ்பத்திரிகளின் பலகையைப் படித்துவிட்டு வண்டியைத் திருப்ப மாட்டார். பேரம் பேச உடம்பில் தெம்பும் கையில் நேரமும் வேண்டும். அவை இரண்டும் இல்லாதவர்தான் நோயாளி. அவருக்காகப் பேரம் பேச ஒரு பெரிய ஆள் வேண்டும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அந்த ஆள் மேரிலின் பார்ட்லெட் என்ற பெண் அதிகாரி. அரசு ஊழியர்களின் காப்பீட்டுத் திட்டம் நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்த நேரத்தில் பொறுப்புக்கு வந்தார். ஆஸ்பத்திரிகள் தாமே ஒரு விலையைப் போட்டு, அதில் தாமே தள்ளுபடி கொடுக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. முதியோருக்கான மத்திய அரசுத் திட்டம் என்ன கொடுக்கிறதோ அதில் சராசரியாக 234 சதவீதம் தருவோம், அதற்கு மேல் இல்லை என்று 2016இல் நின்றார். கடைசியில் மாநிலத்தின் பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் கையெழுத்திட்டன. 2017 முதல் 2019 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் மிச்சமானது சுமார் 4.78 கோடி டாலர்.

இதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் பதிவாகி, 1995இல் வேலையைத் தொடங்கியது. மாநிலம் முழுமைக்குமான மருந்தை, கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில், ஒரே டெண்டரில் வாங்கியது. மாவட்டந்தோறும் கிடங்கு கட்டியது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் பாஸ்புக் போல ஒரு புத்தகம் கொடுத்தது. எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு மிச்சம் என்று வரிவரியாக அதில் ஏறும். மாத்திரை மாதிரிகள் தயாரித்தவர் பெயரை மறைத்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துத் தாமும் இப்படிக் கழகங்களை அமைத்தன. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அதைச் செய்துகாட்டிய அலுவலகம் இது. சித்தப்பாவின் கையில் இருக்கும் அட்டை அங்கிருந்து வந்ததுதான்.

வாதம் 5: "இலக்கு வைத்தவர்களும் தோற்றுவிட்டார்களே."

இந்த வாதம் கனமானது. ஒளிக்காமல் எதிர்கொள்ள வேண்டும். மாசசூசெட்ஸில் 2021இல் செலவு 9 சதவீதம் ஏறியது. அதை கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டு என்று விட்டுவிடலாம். 2023இலும் 8.6 சதவீதம் ஏறியதே! அந்த ஆண்டுக்கான இலக்கு 3.6 தான். சட்டம் வந்து பத்தாண்டுகளாகப் போகும் நிலையில், 2022இல்தான் முதன்முறையாக ஒரு குழுமத்துக்கு, மாநிலத்தின் மிகப் பெரிய மாஸ் ஜெனரல் பிரிகமுக்கு, செலவுக் குறைப்புத் திட்டம் கொடு என்று ஆணையம் உத்தரவிட்டது. அந்தக் குழுமம் ஆண்டுக்கு 12.78 கோடி டாலர் குறைக்கும் திட்டத்தைக் கொடுத்தது. கேட்டதும் குறைக்க முடிந்ததென்றால், முன்பே கேட்டிருக்க வேண்டும். ஆணையம் விதிக்கக்கூடிய அபராதம் 5 லட்சம் டாலர் மட்டுமே. அந்த அளவு நிறுவனத்துக்கு அது தேநீர்ச் செலவு.

இதிலிருந்து அளப்பது வீண் என்ற முடிவுக்கு வர முடியாது. அளவுகோலோடு அதிகாரமும் வேண்டும் என்பதே முடிவு. பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்ட் அந்த அதிகாரத்தை 2010இல் பயன்படுத்தியது. காப்பீட்டு நிறுவனங்கள் ஆஸ்பத்திரிகளோடு போடும் ஒப்பந்தத்தில் விலை ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்று காப்பீட்டு ஆணையர் விதித்தார். கூடவே, குடும்ப டாக்டர் மட்டத்திலான முதன்மை மருத்துவத்துக்குக் கூடுதலாகச் செலவிடச் சொன்னார். 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, சிகிச்சைவாரிக் கட்டணச் செலவு காப்பீடு பெற்ற ஒருவருக்கு ஒரு காலாண்டுக்கு 76 டாலர், அதாவது 2009ஆம் ஆண்டுச் செலவில் 8.1 சதவீதம் குறைந்ததைக் கண்டது. முதன்மை மருத்துவத்துக்குக் கூடுதலாகப் போன 21 டாலரைக் கழித்தாலும் மிச்சமே. கலிபோர்னியா 2022இல் கொண்டுவந்த சட்டத்தில், இலக்கைத் தொடர்ந்து மீறுபவர்களுக்குப் படிப்படியாகக் கூடும் அபராதம் இருக்கிறது. ஒருவர் தடுக்கிய இடத்தில் அடுத்தவர் விளக்கு வைக்கிறார்.

நமக்கு என்ன வேண்டும்?

"இதெல்லாம் அமெரிக்கா, நம் ஊரில் மக்கள் கையிலிருந்து ரொக்கமாகக் கொடுக்கிறார்கள்" என்று சொல்லலாம். ரொக்கத்துக்கும் பில் உண்டு. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே வந்தது, அதற்கான விதிகள் 2018இல் வந்தன. 2009 முதல் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்ற பட்டியலும், ஆண்டாண்டுகளாகக் கொடுத்த தொகையின் பதிவும் அரசிடம் இருக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு ஒரு நிலையான அளவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் மத்திய அரசைக் கேட்டது. கருவிகள் கையில் இருக்கின்றன, ஒன்றோடொன்று சேர்க்கத்தான் ஆளில்லை.

செய்ய வேண்டியவை மூன்று. பதிவுபெற்ற ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் ஒரே வடிவத்தில் பில் போட வேண்டும், ஒற்றை வரிக் கன்ஸ்யூமபிள்ஸுக்கு அதில் இடம் இருக்கக் கூடாது. அந்த பில்கள் நோயாளியின் பெயர் நீக்கப்பட்டு ஒரு மாநில மையத்துக்குப் போக வேண்டும். தலைக்கு ஆன செலவு எவ்வளவு, எங்கே எவ்வளவு ஏறியது என்ற கணக்கு, பட்ஜெட் கூட்டத்தொடரில் ஆண்டுதோறும் சட்டசபையில் வைக்கப்பட வேண்டும். வரம்பும் அபராதமும் அந்தக் கணக்கின் மேல் எழுப்பக்கூடியவை. கணக்கே இல்லாத இடத்தில் அவற்றுக்கு அஸ்திவாரம் கிடையாது.

சித்தப்பா மறுபரிசோதனைக்கு அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. "இன்னொரு பில் வேண்டாம்ப்பா" என்கிறார். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அந்த மாத்திரை அவர் கைக்கு வந்து சேர, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு உட்கார்ந்து கணக்குப் போட்டது. பில்லுக்கும் அப்படி ஒரு கணக்கு போட்டிருந்தால், அவர் மறுபரிசோதனைக்குப் போகப் பயந்திருக்க மாட்டார்.