தாங்கலில் நீர் இல்லை

நெய்தல் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் வடசென்னைப் பிள்ளைகள் நாங்கள் முந்திக்கொண்டு சொல்வோம்: கடலும் கடல் சார்ந்த இடமும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கள் ஊரே அந்த விடைதான் என்ற பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் நெய்தல் முதலில் ஒரு பூ. அது உப்புத் தண்ணீரில் பூக்காது. இதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை, நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை.

நெய்தல் எது, குவளை எது என்று அறிஞர்களுக்குள் இன்னமும் வழக்கு இருக்கிறது. நான் சொல்வது நீல அல்லியை. இலங்கை தன் தேசிய மலராக வைத்திருப்பதும் இதைத்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த குட்டையில் அது கிடந்தது. காலை வெயில் ஏறியதும் விரியும், பிற்பகலில் கூம்பிவிடும். முதல் நாள் விரிந்த பூவின் நடுக்கிண்ணத்தில் ஒரு துளி நீர் தேங்கி நிற்கும். மறுநாள் அது வற்றி மஞ்சள் மகரந்தம் உதிரும். சில நாள் பூத்து முடித்ததும் காம்பு வளைந்து நீருக்குள் போய்விடும். காய் முற்றுவது அங்கேதான். நாங்கள் தண்டைப் பறித்து, நாரை விட்டுவிட்டு இருபுறமும் மாற்றி மாற்றி ஒடித்து மாலையாக்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வோம். பூ பதக்கம் மாதிரி நெஞ்சில் ஈரமாக ஒட்டும்.

உப்புக்காற்று வீசும் ஊரில் நல்ல தண்ணீர்ப் பூ எப்படி வந்தது? கடலோர மணல்மேடுதான் காரணம். மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடலுக்குக் கல்லெறியும் தூரத்தில் கையால் மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். குப்பத்துப் பெண்கள் அதை ஊற்று என்பார்கள். மேட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளங்களில் அதே நீர் குட்டையாகவும் தாங்கலாகவும் நின்றது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தாங்கல் என்று பஸ் ஸ்டாப்பே உண்டு. தாங்கல் என்றால் சிறு ஏரி. அந்தப் பெயரில் டிக்கெட் வாங்கி எத்தனையோ வருடம் ஏறி இறங்கியிருக்கிறோம். தண்ணீர் எங்கே என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மூதுரை, குளம் வற்றினாலும் விட்டுப் போகாத உறவுக்குக் கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் காட்டுகிறது. வெறும் புகழ்ச்சி இல்லை அது. கோடையில் சேறு வெடித்தாலும் கிழங்கு உள்ளே உயிரோடு இருக்கும், ஐப்பசி மழைக்கு இலை விடும். வறட்சி அதைக் கொல்வதில்லை. மேலே கொட்டும் மண் கொல்லும், அடியில் ஏறும் உப்பு கொல்லும். இரண்டும் எங்கள் காலத்தில், எங்கள் கண்முன் நடந்தன.

மண்ணைப் பற்றி முதலில் சொல்கிறேன், அதில் எங்கள் கையே இருக்கிறது. பழைய வீட்டை இடித்த கட்டடக் கழிவை அந்தக் குட்டையில் கொட்டச் சொல்லி லாரிக்குக் காசு கொடுத்தது எங்கள் வீடுதான். அடுத்த வீடும் கொடுத்தது. கொசு ஒழிந்தது என்றோம். மனை விலை ஏறியபோது சந்தோஷப்பட்டோம். ஓரத்தில் இன்னும் நாலைந்து இலை மிதந்த நாளில்கூட ஒரு கிழங்கைத் தோண்டிக் கோயில் குளத்துக்கு மாற்றுவோம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உப்பின் கதை நீளம். 1960களின் இறுதியில் மணலி ஆலைகளுக்கும் நகரத்துக்குமாக மீஞ்சூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகளில் நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கினார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணறுகள் கரித்தன. 2010இல் அதே மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில் கடல்நீரை நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தோம். மணல் இலவசமாகச் செய்துகொடுத்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்ததாக நாங்கள் உணரவே இல்லை. எங்கள் வீடுகளில் பாதிச் சம்பளம் ஆலைகளிலிருந்து வந்தது. சம்பளம் வருகிற இடத்தைப் பற்றிப் பேசக் கூசினோம்.

போராடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தபோது மீனவர்கள் படகோடு நின்றார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வீட்டுக்குள் வந்தது, சுவரில் இடுப்பளவு கறுப்புக்கோடு விழுந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தபோது நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாலையில் உட்கார்ந்தோம். எல்லாம் நியாயம். நான் உட்கார்ந்த கூட்டங்களில் எழுதிய மனுக்களில் வலை, படகு, நிவாரணம், மருத்துவ முகாம் எல்லாம் இருந்தன. குட்டை ஒன்றுகூட இல்லை. அன்று வெள்ளம் போய் நிற்க இடமில்லாமல் எங்கள் கட்டில்வரை ஏறியதே, அது நாங்கள் தூர்த்த பள்ளங்களைத் தேடித்தான் வந்தது.

போன மார்கழியில் பொன்னேரிப் பக்கம் ஒரு வயல் ஓரக் குளத்தில் நீல அல்லியைப் பார்த்தேன். கூட வந்த என் தங்கை மகள் ஏழாம் வகுப்பு. "இதுதான் நெய்தல்" என்றேன். "கடல் எங்கே மாமா?" என்று கேட்டாள். ஒரு தண்டைப் பறித்து மாலை ஒடித்துக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். நார் அறுந்துபோனது. இன்னொன்றும் அறுந்தது. மூன்றாவதைப் பறிக்க மனம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு ஆயாவிடம் நோட்டோடு போய் உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் எங்கெல்லாம் தண்ணீர் நிற்கும் என்று கேட்டேன். அவர் திண்ணையில் இருந்தபடியே கையை நீட்டி நீட்டிச் சொன்னார். ரேஷன் கடை இருக்கிற இடம், பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், எங்கள் வீடு.