ஆய்வகக் கதவைத் திறந்து விடுங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"எங்க பையன் ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு இருக்குதுங்க சார். எக்ஸ்பெரிமென்ட் எல்லாம் வீடியோவுலயே காட்டிடறாங்க" என்று என்னிடமே பெருமையாகச் சொல்கிறீர்கள். சமையல் வீடியோ பார்த்தால் பசி ஆறுமா? வீடியோவில் சோதனை ஒருநாளும் தப்பாகப் போகாது. கையால் செய்தால் போகும். "ஏன் சார் வரல?" என்று பிள்ளை கேட்கிற இடத்தில்தான் அறிவியல் ஆரம்பிக்கிறது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். பல பள்ளிகளில் அந்த 25-க்காகத்தான் ஆய்வகக் கதவே திறக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து எதையும் தொடாத பிள்ளை, பத்தாம் வகுப்பில் குவிலென்சைப் பயந்து பயந்து பிடிக்கிறது.

செலவாகும் என்பது சாக்கு. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்டிலிருந்து பருத்தி நூல் ஒன்று, பாலியஸ்டர் நூல் ஒன்று எடுங்கள். பெரியவர் யாராவது இடுக்கியில் பிடித்துக் கொளுத்தட்டும். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியாக உருண்டு நிற்கும். மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். சாயம் ஏற்றப் போடுகிற சோடாவும் அப்படிச் சிவக்க வைக்கிற காரம்தான். நொய்யல் பட்ட பாட்டையும், 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் இதற்குப் பிறகு சொல்லுங்கள், பிள்ளைக்குப் புரியும். ஊத்துக்குளி வெண்ணெய் ஊரெல்லாம் பேர் வாங்கியது. மோர் கடையும்போது வெண்ணெய் ஏன் திரள்கிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சொல்வார்கள்?

"சிலபஸ் முடியாதுங்க" என்பது அடுத்த சாக்கு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பகுதியில் 1972-ல் 16 பள்ளிகளில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனை செய்தே அறிவியல் படிக்க வைத்தார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், சோதனையும் செய்து காட்ட வேண்டும். பல நூறு பள்ளிகளுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-ல் அரசே நிறுத்தியது. நம் ஊரிலும் வழி இல்லாமல் இல்லை. 'துளிர்' மாத இதழ் 1987-லிருந்து வருகிறது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்கு 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கினார்கள். ஆனால், கேட்க ஆளில்லாத திட்டம் எதுவும் நிலைக்காது.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்கிற பெற்றோருக்குப் பள்ளிக்கூடம் மார்க்கை மட்டும்தான் தரும். அந்தப் பெற்றோரில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால் உரிமையோடு சொல்கிறேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பள்ளி மேலாண்மைக் குழுவில், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாசம் எங்க குழந்தை கையால எத்தனை சோதனை செஞ்சுதுங்க?"

பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

ஊத்துக்குளியிலிருந்து,
உங்கள் பழைய வாத்தியார்